மென்மையான சிகாரைச் சூடேற்றாமல் ருசிக்க

கையால் சுருட்டிய சிகார்களில் மென்மையான வகையைப் புதியவர் கையில் கொடுத்து, ‘இது பழகுவதற்கு, அப்புறம் கடுமையானதுக்குப் போகலாம்’ என்று சொல்லும் வழக்கம் இருக்கிறது. எனக்கு அதில் உடன்பாடில்லை. கடுமையான சிகாரை எப்படிப் பிடித்தாலும் அது தன் குணத்தைக் காட்டிவிடும். மென்மையானதில் கொஞ்சம் அவசரப்பட்டால் போதும், பால்மணமும் மரவாசமும் ஓடிவிடும், வாயில் கசப்பும் சூடும்தான் மிஞ்சும். அதைச் சரியாகப் பிடிக்கத்தான் அதிகப் பொறுமை தேவை. கீழே வரும் தேர்வு, வைப்பு, வெட்டு, நெருப்பு, இழுப்பு எல்லாவற்றுக்கும் நோக்கம் ஒன்றுதான்: புகை சூடாகக் கூடாது.

உதாரணத்துக்கு, கரீபியன் நாடான டொமினிக்கன் குடியரசில் சுருட்டி, கனெக்டிகட் என்ற அமெரிக்க ரக இலையை மேலே போர்த்திய சிகாரை எடுத்துக்கொள்வோம். உலகில் ‘மைல்டு’ என்று கேட்டால் கடைக்காரர் பெரும்பாலும் எடுத்துக் கொடுப்பது இந்த வகைதான்.

முதலில் உடம்பு

‘சிகார் புகையை நெஞ்சுக்குள் இழுப்பதில்லை, அதனால் ஆபத்தில்லை’ என்பவர்களை நம்ப வேண்டாம். வாய், குரல்வளை, உணவுக்குழாய், நுரையீரல் ஆகியவற்றில் புற்றுநோய் வர சிகார் காரணமாகிறது என்பதை அமெரிக்க தேசியப் புற்றுநோய் நிறுவனம் 1998இலேயே தனித் தொகுப்பாக வெளியிட்டது. ஒரு பெரிய சிகாரில் ஒரு பாக்கெட் சிகரெட்டுக்கு இணையான புகையிலை இருக்கலாம். சிகார் புகை காரத்தன்மை உள்ளது. அதனால் அதிலுள்ள நிகோடின் வாயின் உட்புறத் தோல் வழியாகவே ரத்தத்தில் ஏறிவிடும், நுரையீரல் வரை போக வேண்டியதே இல்லை. அடிமையாக்கும் பொருளும் அதே நிகோடின்தான். மென்மை என்பது ருசியைக் குறித்த பேச்சு, உடம்பு அந்த வித்தியாசம் பார்ப்பதில்லை.

புகைப்பழக்கம் இல்லாதவர் இதற்காகத் தொடங்க வேண்டியதில்லை. கர்ப்பிணிகள், குழந்தைகள் இருக்கும் வீட்டுக்குள் பிடிக்கவே கூடாது. இந்தியாவில் 18 வயதுக்குக் கீழும், இலங்கையில் 21 வயதுக்குக் கீழும் விற்பது குற்றம். இந்தியாவில் 2008 அக்டோபர் 2 முதல் பொது இடங்களில் புகைபிடிக்கத் தடை இருக்கிறது. இதெல்லாம் தெரிந்தும் எப்போதாவது ஒன்று பிடிப்பது என்று முடிவு செய்த வயதுவந்தவருக்குத்தான் இனி வருவது.

மென்மை எங்கிருந்து வருகிறது

சிகாரை நீளவாக்கில் பிளந்து பார்த்தால் மூன்று அடுக்கு தெரியும். வெளியே கண்ணுக்குத் தெரியும் இலை ரேப்பர். அதற்குள் எல்லாவற்றையும் இறுக்கிப் பிடித்திருப்பது பைண்டர். நடுவில் நீளமாக மடித்து வைத்த இலைகள் ஃபில்லர். நல்ல சிகாரில் ஃபில்லர் முழு இலையாக, ஒரு முனையிலிருந்து மறு முனை வரை ஓடும். நறுக்கிய தூள் வைத்தது வேறு ரகம். அது வேகமாக எரியும், வாயில் துணுக்கு துணுக்காக வரும்.

புகையிலைச் செடியில் எந்த உயரத்தில் விளைந்த இலை என்பதைப் பொறுத்து அதன் பலம் மாறும். அடியில் உள்ளவை வோலாடோ. மெல்லியவை, சீராக எரிவதற்காகச் சேர்ப்பார்கள். நடுவில் உள்ளவை செகோ. வாசம் இவற்றிலிருந்துதான். உச்சியில், வெயிலை நேராக வாங்கிய தடித்த இலைகள் லிஹேரோ. நிகோடினும் எண்ணெய்ப் பசையும் அதில்தான் அதிகம், எரிவதும் மெதுவாக. மென்மையான சிகார் செய்பவர் லிஹேரோவைக் குறைத்து, செகோவையும் வோலாடோவையும் கூட்டுவார். டொமினிக்கன் சிகார்களில் ஒலோர் டொமினிகானோ, பிலோட்டோ குபானோ, சான் விசென்டே என்ற மூன்று இலை ரகங்களின் பெயர்கள் அடிக்கடி காதில் விழும். ஒலோர் வாசத்துக்கு, பிலோட்டோ கனத்துக்கு என்று கலப்பவர்கள் சொல்வார்கள்.

ரேப்பரின் கதை வேறு. 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் சுமத்ராவிலிருந்து வந்த மெல்லிய, நரம்பு தெரியாத இலை அமெரிக்கச் சந்தையைப் பிடித்துக்கொண்டது. அதற்குப் போட்டியாகக் கனெக்டிகட் ஆற்றுப் பள்ளத்தாக்கின் விவசாயிகள் 1900இல் வின்ட்சர் என்ற ஊரில் வயலுக்கு மேல் வெள்ளைத் துணிப் பந்தல் போட்டுப் பார்த்தார்கள். வெயில் வடிகட்டி வந்ததால் இலை அகலமாகவும் மெலிதாகவும் வெளிறிய தங்கநிறத்திலும் வளர்ந்தது. இதுதான் கனெக்டிகட் ஷேட். இப்போது அதே விதையை ஈக்வடாரில் அதிகம் பயிரிடுகிறார்கள். அங்கே வருடம் முழுக்க மேகம் கவிந்திருப்பதால் துணியே தேவைப்படுவதில்லை.

அறுத்த இலையைக் கொட்டகையில் தொங்கவிட்டுக் காயவைத்த பிறகு, லேசாக நனைத்துப் பெரிய அடுக்குகளாகக் குவிப்பார்கள். பிலோன் என்று பெயர். உள்ளே தானாகவே சூடேறும். நடுவில் வெப்பமானி சொருகிப் பார்த்து, சூடு கூடினால் குவியலைக் கலைத்து, உள்ளே இருந்தது வெளியே வரும்படி மறுபடி அடுக்குவார்கள். இந்த வேலையின்போது அமோனியா வெளியேறும், கண் எரியும் அளவுக்கு. அமோனியா போன பிறகுதான் இலை சாந்தமாகும். அதன் பிறகும் வருடக்கணக்கில் மூட்டையில் ஓய்வு. இந்தக் காத்திருப்புக்குத்தான் நீங்கள் கூடுதல் விலை கொடுக்கிறீர்கள்.

சுருட்டும் இடத்தையும் பார்த்துவிடுவோம். சான்டியாகோ நகரமும் பக்கத்து தம்போரில் ஊரும் டொமினிக்கன் சிகாரின் மையம். அங்கே பெரும்பாலும் இருவர் இருவராக உட்காருவார்கள். ஒருவர் ஃபில்லர் இலைகளை ஒவ்வொன்றாக லேசாகச் சுருட்டிக் கையில் சேர்த்து, பைண்டரில் உருட்டி, மர அச்சில் வைத்து அழுத்தியில் கொடுப்பார். அழுத்திய உருளை இரண்டாமவரிடம் வரும். அவர் பலகைமேல் ரேப்பரை நரம்புப் பக்கம் உள்ளே போகும்படி விரித்து, சவேத்தா என்ற பிறை வடிவக் கத்தியால் ஒரே இழுப்பில் ஓரத்தை வெட்டி, உருளையை ஓரத்தில் சாய்த்து வைத்து உருட்டிக்கொண்டே போவார். இடது கை இலையை இழுத்துப் பிடிக்க, வலது கை உருட்டும். முனைக்கு வந்ததும் அதே இலைத் துண்டில் சின்ன வட்டம் வெட்டி, மணமும் சுவையும் இல்லாத பிசினைத் தொட்டு ஒட்டி மூடுவார். இந்த மூடிதான் தொப்பி. நீங்கள் வெட்டப்போவது அதைத்தான், எனவே நினைவில் இருக்கட்டும்.

ஹவானா ஆலைகளில் 1865 முதல் சுருட்டுபவர்களுக்குச் செய்தித்தாளும் கதையும் உரக்கப் படித்துக் காட்ட ஒருவரை வைத்திருந்தார்கள். யாழ்ப்பாணத்துச் சுருட்டுக் கொட்டில்களிலும் பத்திரிகை வாசிக்க ஆள் இருந்ததுண்டு. கையை மட்டும் கேட்கும் வேலை, காதைச் சும்மா விட்டுவிடும். உலகின் அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் ஒரே ஏற்பாட்டுக்கு வந்து சேர்ந்திருக்கிறார்கள் என்பதை நினைக்க எனக்கு எப்போதும் சந்தோஷமாக இருக்கும்.

உறையூர்ச் சுருட்டோ யாழ்ப்பாணச் சுருட்டோ பிடித்துப் பழகியவர்களுக்கு ஒன்று. அந்தக் கார நெடியை இதில் எதிர்பார்த்தால் ‘ஒன்றுமே இல்லையே’ என்று தோன்றும். பலம் வேறு, சுவை வேறு. மிளகாய் குறைத்து வைத்த ரசத்தில் பூண்டும் சீரகமும் புளியும் தனித்தனியாகத் தெரிவது மாதிரி, பலம் குறைந்த சிகாரில்தான் நுண்ணிய வாசங்கள் மேலே வரும்.

கடையில்

முதல் தடவை பெட்டியாக வாங்காதீர்கள். ஒரே சிகாரில் இரண்டு வாங்குங்கள். ஒன்று சரியில்லாமல் போனால், குறை சிகாரிலா நம் கையிலா என்று பார்க்க இரண்டாவது வேண்டும்.

‘கனெக்டிகட் ரேப்பர், மைல்டு, ரொபஸ்டோ அளவு’ என்று கேளுங்கள். ரொபஸ்டோ என்பது ஏறக்குறைய 5 அங்குல நீளம், 50 ரிங் கேஜ். ரிங் கேஜ் என்பது குறுக்களவு, அங்குலத்தில் 64இல் ஒரு பங்கு ஒரு ரிங். ஆகவே 50 ரிங் என்றால் சுமார் 20 மில்லிமீட்டர். தடிமன் இருந்தால் புகை கொஞ்சம் குளிர்ந்து வரும், புதியவரின் அவசரத்தையும் ஓரளவு பொறுத்துக்கொள்ளும். முக்கால் மணி முதல் ஒரு மணி நேரம் வரை ஓடும்.

டாவிடோஃப் சிக்னேச்சர் நம்பர் 2 இந்த வகையின் அழகான முகம். 6 அங்குலம், 38 ரிங், விரலைவிட ஒல்லி. ஆனால் ஒல்லியான சிகார் சீக்கிரம் சூடாகும், ஆகவே கை பழகிய பிறகு வாங்குங்கள். ஜெனீவாவில் கடை வைத்திருந்த சீனோ டாவிடோஃப் பெயரில் வரும் இந்தச் சிகார் முன்பு கியூபாவில் தயாரானது. 1990களின் தொடக்கத்தில் டொமினிக்கன் குடியரசுக்கு மாறியபோது, மென்மையே அதன் அடையாளமானது. விலை கூடுதல்தான். குறைந்த செலவில் தொடங்க மக்கனூடோ கஃபே, ஆர்துரோ ஃபுவென்டேயின் ஷட்டோ ஃபுவென்டே, ஆஷ்டன் கிளாசிக் மூன்றும் நல்ல தேர்வு. நான் ஒருவருக்கு முதல் சிகார் வாங்கிக் கொடுக்க வேண்டுமானால் ஷட்டோ ஃபுவென்டேயை எடுப்பேன். நாலரை அங்குலம்தான், அளவாக முடியும், மேலே சுற்றியிருக்கும் மெல்லிய சீடர் மரச் சீவல் வாசத்தையும் சேர்த்துக் கொடுக்கும்.

கையில் எடுத்ததும் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே மெதுவாக அழுத்திக்கொண்டே ஒரு முனையிலிருந்து மறு முனைக்குப் போங்கள். உள்ளே வாங்கி மறுபடி எழும்ப வேண்டும். ஓரிடத்தில் கல்லாக இருந்தால் இழுப்பு அடைக்கும். ஓரிடத்தில் பொசுக்கென்று அமுங்கினால் அங்கே இலை குறைவு, சூடாக எரியும். அழுத்தும்போது சரசரவென்று சத்தம் வந்தால் காய்ந்துபோனது. ரேப்பரில் விரிசல், குண்டூசி குத்தியது மாதிரி ஓட்டை, பஞ்சாகப் பூத்த வெள்ளைப் பூஞ்சை இருந்தால் திருப்பி வையுங்கள். ஓட்டை புகையிலை வண்டின் வேலை. அடிமுனையை மோந்து பாருங்கள். வைக்கோல், மரம், லேசான இனிப்பு வந்தால் சரி. அமோனியா நெடி அடித்தால் இலை இன்னும் முற்றாக அடங்கவில்லை.

கண்ணாடி மூடி போட்ட பெட்டியில் யாராவது மலிவு விலையில் கியூபாவின் கோஹிபா பிராண்ட் சிகார் என்று நீட்டினால் வாங்காதீர்கள். அப்படி ஒரு பெட்டி அந்த நிறுவனத்தில் கிடையாது.

வீட்டில் வைப்பது

சிகாருக்கு 65 முதல் 70 சதவீதம் ஈரப்பதம் வேண்டும். அதற்குக் குறைந்தால் காய்ந்து சூடாக எரியும், கூடினால் நனைந்து அணைந்து அணைந்து போகும், பூஞ்சையும் பிடிக்கும். விலை உயர்ந்த ஹியூமிடார் பெட்டி முதலிலேயே வேண்டாம். ரப்பர் விளிம்பு வைத்து இறுக மூடும் உணவு டப்பா ஒன்றும், உள்ளே போட 65 அல்லது 69 என்று அச்சிட்ட, ஈரப்பதத்தை அந்த அளவில் வைத்திருக்கும் போவேடா பையும் போதும். மென்மையான சிகாருக்கு எனக்கு 65தான் பிடிக்கும். சீராக எரிகிறது, இழுப்பும் இலகு. டப்பாவில் ஏற்கெனவே மசாலா வாசம் இருந்தால் அதைத் தொடாதீர்கள், இலை அந்த வாசத்தைக் குடித்துவிடும்.

சென்னை, மதுரை, யாழ்ப்பாண வெயிலில் கவலை வெப்பத்தைப் பற்றித்தான். 25 பாகை செல்சியஸைத் தாண்டினால் இலைக்குள் கண்ணுக்குத் தெரியாமல் இருக்கும் வண்டு முட்டைகள் பொரிக்கத் தொடங்கலாம். வீட்டில் குளிர்ச்சியான அலமாரியின் அடித்தட்டில், அடுப்பிலிருந்தும் ஜன்னலிலிருந்தும் தள்ளி வையுங்கள். அப்படியே ஃப்ரிட்ஜில் வைத்தால் உலர்ந்துவிடும். நீண்ட நாள் வைப்பதானால் காற்றுப் புகாத பையில் இரட்டையாகக் கட்டி மூன்று நாள் ஃப்ரீசரில், பிறகு ஒரு நாள் ஃப்ரிட்ஜின் கீழ்த்தட்டில், அதன் பிறகு அறையில் என்று படிப்படியாகக் கொண்டுவாருங்கள். நேராக வெளியே எடுத்தால் ரேப்பர் வெடிக்கும். ஒன்றிரண்டு மட்டும் வாங்கி அந்த வாரமே பிடிப்பவருக்கு இதெல்லாம் தேவையில்லை.

இடமும் வயிறும்

வெறும் வயிற்றில் வேண்டாம். தலைசுற்றலும் குமட்டலும் வரும். அது நிகோடின். சாப்பிட்டு அரைமணி கழித்துத் தொடங்குங்கள். காரசாரமாகச் சாப்பிட்ட நாக்கு மென்மையான எதையும் பிடிக்காது, ஆகவே பிரியாணி தின்ற இரவைவிட இட்லி சாப்பிட்ட காலை இதற்குப் பொருத்தம். வெற்றிலை, ஊதுபத்தி, சென்ட் மூன்றையும் அன்று தள்ளிவையுங்கள்.

திறந்த வெளியில், ஆனால் காற்று அடிக்காத மூலையில் உட்காருங்கள். மின்விசிறிக்குக் கீழே உட்காரவே கூடாது. காற்று நெருப்பை ஊதி ஊதிச் சூடேற்றும், எரிவது கோணலாகும். பக்கத்தில் தண்ணீர் இருக்கட்டும். வேறு ஏதாவது வேண்டுமானால் பால் சேர்த்த மிதமான காபி நன்றாகச் சேரும். விஸ்கி இந்தச் சிகாரை அடியோடு மூடிவிடும்.

வெட்டு

வாயில் வைக்கும் முனையில் தொப்பி முடியும் இடத்தில் மெல்லிய கோடு ஒன்று தெரியும். அந்தக் கோட்டுக்கு மேலே, உச்சியிலிருந்து சுமார் 2 மில்லிமீட்டரில் வெட்ட வேண்டும். கோட்டைத் தாண்டி வெட்டினால் ரேப்பரைக் கட்டிவைத்திருப்பது போய், பிடிக்கும்போதே சுருள் அவிழும். கனெக்டிகட் இலை மெலிது, மன்னிக்காது.

இரட்டைத் தகடு கட்டர் போதும். மேசைமேல் கட்டரைப் படுக்க வைத்து, அதன் ஓட்டைக்குள் தொப்பியை நிற்க வைத்தால் அளவு தானாக வரும் என்று சிலர் செய்வார்கள், பழகும்வரை நல்ல வழி. தகடுகள் தொப்பியைத் தொட்டதும் ஒரே அழுத்தில் முடியுங்கள். தயங்கித் தயங்கி அறுத்தால் நசுங்கும். வெட்டும் முன் தொப்பியை உதட்டில் லேசாக ஈரப்படுத்தினால் இலை பிளக்காது.

இப்போது பற்றவைக்காமலேயே ஒரு தடவை இழுத்துப் பாருங்கள். காற்று லேசான தடையோடு வர வேண்டும். நாக்கில் வைக்கோல், உலர்ந்த மரம், சில சமயம் பாதாம் தோல் தெரியும். நெருப்பு படாத இந்த வாசத்தைக் கவனித்து வைத்துக்கொள்ளுங்கள், பிறகு எது மாறுகிறது என்று தெரிய இது உதவும்.

பற்றவைப்பது

பெரும்பாலான மென்மையான சிகார்கள் பாழாவது இந்த இடத்தில்தான். எனவே நிதானமாகச் சொல்கிறேன்.

பெட்ரோல் லைட்டர், மெழுகுவர்த்தி, அடுப்பு நெருப்பு மூன்றும் கூடாது. அவற்றின் நெடி முதல் பாதி முழுக்க வாயில் நிற்கும். பியூட்டேன் வாயு லைட்டர் அல்லது நீளமான மரத் தீக்குச்சி. தீக்குச்சியானால் மருந்து முழுதும் எரிந்து, மரம் மட்டும் எரியும்வரை காத்திருங்கள். சீறும் டார்ச் லைட்டர் மிகவும் சூடானது, கனெக்டிகட் இலையை நொடியில் கரியாக்கும். மஞ்சள் சுடர்தான் இதற்கு நல்லது.

சிகாரை வாயில் வைக்காமல் கையில் சாய்த்துப் பிடியுங்கள். சுடரின் நுனிக்கு ஒரு விரல்கடை மேலே அடிமுனை இருக்கட்டும், நெருப்பு இலையைத் தொடவே கூடாது. மெதுவாகச் சுழற்றுங்கள். முதலில் ஒன்றும் நடக்காது. பிறகு ரேப்பரின் ஓரம் மெல்லிய கறுப்புக் கோடாகும், ஒரு இழை புகை எழும், உள்ளே இலை மடிப்புகளில் சிவப்புப் புள்ளிகள் ஆங்காங்கே வரும். வட்டம் முழுக்கக் கறுத்த பிறகுதான் வாயில் வையுங்கள். மறுபடி சுடரை அருகே கொண்டுவந்து, சுழற்றிக்கொண்டே சின்னச் சின்னதாக இரண்டு மூன்று இழுப்பு. எடுத்து முனையைத் திருப்பிப் பார்த்து மெல்ல ஊதுங்கள். வட்டம் முழுதும் ஒரே சிவப்பாக ஒளிர்ந்தால் வேலை முடிந்தது. ஒரு பக்கம் கறுப்பாக இருந்தால் அந்தப் பக்கத்துக்கு மட்டும் சுடரைக் காட்டுங்கள்.

பிறகு ஒரு நிமிடம் சும்மா விடுங்கள். முதல் சூடு அடங்கட்டும்.

இழுப்பு

நிமிடத்துக்கு ஒரு தடவை. இதைவிட வேகம் வேண்டாம். இழுத்த புகையை வாயில் இரண்டு மூன்று நொடி நிறுத்தி, நாக்கு, அண்ணம், கன்னத்தின் உட்புறம் எல்லாம் படவிட்டு வெளியே விடுங்கள். நெஞ்சுக்குள் இழுக்காதீர்கள். சிகரெட் பழக்கம் உள்ளவருக்கு இதுதான் கஷ்டம், மூச்சு தானாக உள்ளே போகும். இழுக்கும்போது தொண்டையை மூடி, கன்னத்தால் மட்டும் உறிஞ்சப் பழகுங்கள்.

சூடாகிவிட்டதா என்று பார்க்க விரலே போதும். எரியும் இடத்திலிருந்து இரண்டு விரல் தள்ளித் தொட்டால் இளஞ்சூடாக இருக்கலாம், சுடக் கூடாது. சுட்டால் மேசைமேல் வைத்துவிட்டு இரண்டு நிமிடம் பேசிக்கொண்டிருங்கள். அணைந்தால் அணையட்டும்.

சாம்பலைத் தட்டிக்கொண்டே இருக்கத் தேவையில்லை. முழு இலை வைத்துச் சுருட்டியதில் ஒரு அங்குலம் வரை அது உறுதியாக நிற்கும், நெருப்புக்குப் போகும் காற்றை அடக்கி எரிதலைக் குளிர்ச்சியாகவும் வைக்கும். அதற்கு மேல் வளர்ந்தால் ஆஷ்ட்ரே விளிம்பில் சாய்த்து உருட்டினால் தானாக விழும்.

ருசியைப் பிடிக்க இன்னொரு வழி மூக்கு. புகை வாயில் இருக்கும்போதே பெரும்பகுதியை வெளியே விட்டுவிட்டு, மீதமுள்ள கொஞ்சத்தை வாய் மூடியபடி மூக்கு வழியாக மெதுவாக விடுங்கள். கடுமையான சிகாரில் புதியவர் இதைச் செய்தால் கண்ணில் தண்ணீர் வரும். மென்மையானதில் வெள்ளை மிளகின் சின்ன உறைப்போடு நின்றுவிடும், கூடவே நாக்கு மட்டும் பிடிக்காத வாசங்கள் வரும். ஒரு சிகாருக்கு நாலைந்து முறை போதும்.

சிகாரை மூன்று பங்காகப் பிரித்துப் பேசுவது வழக்கம். முதல் பங்கில் வைக்கோலும் மரமும். நடுப் பங்குதான் இந்த வகையின் உச்சம். பால் ஏட்டின் வழவழப்பு, வறுத்த முந்திரி அல்லது பாதாம், பொன்னிறமாகச் சுட்ட ரொட்டி, லேசான சீடர். இங்கே வேகத்தை இன்னும் குறைத்தால் இனிப்பு ஒன்று மெல்ல வரும். கடைசிப் பங்கில் முன்பு எரிந்ததன் எண்ணெயும் தாரும் சேர்ந்து கனம் கூடும், மிளகும் காபிக் கசப்பும் தெரியும். மற்றவர் எழுதிய வர்ணனையைத் தேடிப் பிடிக்க வேண்டாம். உங்களுக்கு வேர்க்கடலைத் தோல் வாசம் வந்தால் அதுதான் உங்கள் குறிப்பு.

சுற்றியிருக்கும் காகித வளையத்தைப் பிடிக்கத் தொடங்குமுன் கழற்றப் பார்த்தால் பசையோடு ரேப்பரும் கிழியும். எரிதல் அருகே வந்து பசை இளகிய பிறகு எடுங்கள்.

கோளாறுகள்

ஒரு பக்கம் வேகமாக எரிந்து தோணி மாதிரிக் கோணலானால், பின்தங்கிய பக்கத்தில் மட்டும் சுடரைக் காட்டுங்கள். சின்னக் கோணல் தானே சரியாகும், அதைத் தொட வேண்டாம்.

அணைந்துவிட்டால் வெட்கப்பட ஒன்றுமில்லை. சாம்பலைத் தட்டி, சிகார் வழியே வெளிப்புறமாக மெதுவாக ஊதி உள்ளே தேங்கிய புகையைத் தள்ளிவிட்டு, முன்பு சொன்னபடி பொறுமையாக மறுபடி பற்றவையுங்கள். திடீரென்று கசப்பு வந்தாலும் இப்படி ஊதிவிடுவது பலன் தரும். அணைந்து மணிக்கணக்கானதை மறுபடி பற்றவைத்தால் நெடிதான் வரும், குப்பைக்குப் போகட்டும்.

இழுப்பு அடைத்தால், அழுத்திப் பார்த்தபோது கல்லாகத் தெரிந்த இடத்தை விரல்களுக்கிடையே மெல்ல உருட்டி நெகிழ்த்துங்கள். இன்னும் வரவில்லையென்றால் தொப்பியில் இன்னும் ஒரு மயிரிழை வெட்டலாம். கன்னம் வலிக்க உறிஞ்சினால் சூடுதான் ஏறும்.

ரேப்பர் வெடித்தால் அது பெரும்பாலும் காய்ந்த சிகார், அல்லது ஏசி அறையிலிருந்து திடீரென்று வெயிலுக்கு வந்தது. விரல் நுனியில் துளி ஈரம் தொட்டு ஒட்டிப் பாருங்கள்.

தலை லேசாகச் சுற்றினாலோ வேர்த்தாலோ உடனே நிறுத்துங்கள். தண்ணீர், கொஞ்சம் சர்க்கரை, நல்ல காற்று. முடித்தே ஆக வேண்டும் என்று யாரும் சொல்லவில்லை.

நிறுத்தும் இடமும் அடுத்ததும்

கடைசி இரண்டு அங்குலத்துக்கு வரும்போது புகை சூடாகி, இனிப்பு போய், வாய் வறண்டால் அங்கேயே நிறுத்துங்கள். விலை கொடுத்து வாங்கியதாயிற்றே என்று விரல் சுடும்வரை பிடிப்பதில் நடுப் பங்கின் நினைவுதான் கெடும். சிகரெட்டைப் போல நசுக்காதீர்கள், நசுங்கிய சிகாரின் நாற்றம் அடுத்த நாள் வரை நிற்கும். ஆஷ்ட்ரேயில் வைத்துவிட்டால் தானாக அணையும். ஆறியதும் வெளியே போட்டுவிட்டு ஆஷ்ட்ரேயைக் கழுவி வையுங்கள்.

இரண்டாவதை அடுத்த நாளே எடுக்காதீர்கள். சில வாரம் டப்பாவில் கிடக்கட்டும். அதே நேரம், அதே இடம், அதே தண்ணீர் என்று வைத்து, இழுப்பை மட்டும் இன்னும் மெதுவாக்கிப் பாருங்கள். முதலில் தெரியாத எது இப்போது தெரிகிறது என்று ஒரு வரி எழுதிவையுங்கள். பிராண்ட், அளவு, தேதி, நடுப் பங்கில் வந்த வாசம், இவ்வளவு போதும்.

அதற்குப் பிறகு ஒப்பிட்டுப் பார்க்க ஆசை இருந்தால், அதே அளவில் நிகராகுவாவில் சுருட்டிய ஒலிவா கனெக்டிகட் ரிசர்வை எடுங்கள். ரேப்பர் அதே குடும்பம், உள்ளே மண் மாறுகிறது. மிளகு ஒரு படி முன்னால் நிற்கும். கியூபாப் பக்கம் போவதானால் ஓயோ டி மாண்டரே என்ற பிராண்ட் அந்த ஊரின் மெல்லிய குரல். நம்பகமான கடையில் மட்டும் வாங்குங்கள், 38 ரிங் ஒல்லி அளவை அதற்கும் அப்புறம் தொடுங்கள்.